பண்டைச் சீனச் சொற்களின் மூலம் காணும் முறை

சீன மொழியில் எதிரே நிற்பவரைச் சுட்டும் சொல் 'நீ' என்பதாகும். தமிழிலும் அச்சொல்லே அப்பொருளில் வழங்குகிறது. இச்செய்தியை முதன்முறை கேட்கும் மாணவர் வியப்படைவதும், "அப்படியானால் இவ்விரு மொழிகளும் உறவுடையனவா?" என்று வினவுவதும் இயல்பே. மொழிப் பாடம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இத்தகைய வினாவை என்றேனும் ஒரு நாள் எதிர்கொள்ள நேரும். மலைவாழ் மக்களிடையே சொற்பட்டியல் தொகுக்கும் களப் பணியாளர்களோ அதனை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். அவர்தம் குறிப்பேட்டில் ஏறும் சொற்களில் பல, வேறேதோ ஒரு மொழிச் சொல்லை நினைவூட்டாமற் போவதில்லை.

விடை காண வேண்டின், இரு சொற்களையும் இன்றைய வடிவில் அருகருகே நிறுத்தி ஒப்பிடுதல் போதாது. ஒவ்வொன்றையும் அதனதன் வழியே பின்னோக்கிச் செலுத்தல் வேண்டும். தமிழ் 'நீ' வேற்றுமை ஏற்கும்போது பழந்தமிழில் 'நின்' என்றாகும். கன்னடத்தில் எழுவாயே 'நீனு' என வரும். ஆகவே திராவிட மொழிகளின் முன்னை வடிவம் ஒற்றில் முடிந்த 'நீன்' என்பது போன்றதாகும் என்பர். சீனச் சொல், பேச்சில் 'நீ' என்றும், அதன் பழைய எழுத்தை நூலிற் படிக்குங்கால் 'அர்' என்றும் இன்று இரு வகையாக ஒலிக்கிறது. கி.பி. 7-ஆம் நூற்றாண்டளவில் அஃது 'ஞ்யெ' என்பதை ஒத்திருந்தது. அதற்கும் நெடுங்காலம் முன்பு 'நெ' என்றே இருந்திருத்தல் வேண்டும். பின்னோக்கிச் செல்லுந்தோறும் இரு சொற்களும் நெருங்காமல் விலகுகின்றன. எனவே இன்றைய ஒற்றுமை தற்செயலானது. இக்கட்டுரையாளர் மாணவராயிருந்த காலத்தில் இத்தகைய 'ஒற்றுமைகள்' நாற்பதுக்கு மேல் திரட்டி ஒரு குறிப்பேட்டை நிரப்பியதுண்டு. முறையாக ஆராய்ந்தபோது அவற்றுள் ஒன்றேனும் தேறவில்லை.

தமிழ்ச் சொல்லைப் பின்னோக்கிச் செலுத்துவது ஓரளவு எளிது. நம் எழுத்து ஒலியைக் காட்டுவது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் பொறித்த சொல்லையும் ஏறத்தாழ அன்று ஒலித்தவாறே நாம் படிக்க இயலும். சீனத்தின் நிலை வேறு. அங்கு மூவாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட எழுத்துச் சான்றுகள் உள்ளன. ஆயினும் ஓர் எழுத்து ஒரு சொல்லைக் குறிக்குமேயன்றி, அச்சொல்லின் ஒலியை நேரே உரைப்பதில்லை. வடசீனத்தார் அதனை ஒருவாறும், கான்டன் நகரத்தார் வேறொருவாறும், ஜப்பானியர் மற்றொருவாறும் படிப்பர். கன்பூசியஸ் அதனை எவ்வாறு ஒலித்தார் என்று எழுத்து கூறாது. மறைந்த அவ்வொலியைப் பல திசைச் சான்றுகளைக் கூட்டி அறிஞர் எங்ஙனம் மீட்டனர் என்பதே இப்பாடத்தின் பொருள்.

(சீன ஒலிகளைத் தமிழ் எழுத்தால் முற்றும் காட்ட இயலாது. இங்குத் தரப்படுவன அண்ணளவான வடிவங்களே. வல்லினத்தின் மூச்சொலி வேறுபாடும், சொல்லின் பொருளை மாற்றும் தொனி வேறுபாடும் விடப்பட்டுள்ளன.)

எழுத்து வேறு, சொல் வேறு

சீனத்தில் எழுத்தாராய்ச்சி மிகப் பழமையானது. ஷூ ஷென் என்னும் அறிஞர் கி.பி. 100-இல் முடித்த அகராதி 9,353 எழுத்துகளை 540 தலைப்புகளின் கீழ் வகுத்து, ஒவ்வொன்றின் அமைப்பையும் விளக்குகிறது. பின்வந்தோர் அதனை மறுக்கவியலாத நூலாகவே போற்றினர். எனினும் 'செய்தல்' என்னும் பொருளுடைய 'வெய்' என்ற எழுத்தைப் பெண் குரங்கின் உருவம் என்று அவர் விளக்கினார். அவர் கண்டது பல நூற்றாண்டுத் திரிபுக்கு உட்பட்ட வடிவத்தையே.

1899-இல் வாங் யீ-ரோங் என்னும் அரசாங்க அலுவலர், மருந்துக் கடைகளில் 'நாக எலும்பு' என்று விற்கப்பட்டுவந்த துண்டுகளில் எழுத்துகள் இருத்தலைக் கண்டார். ஷாங் அரசர்கள் குறி கேட்டுப் பொறித்த ஆமையோடுகளும் மாட்டெலும்புகளுமே அவை. 1928 முதல் ஆன்யாங் நகரருகே நிகழ்ந்த அகழ்வுகள் இவற்றைப் பெருந்தொகையாக வெளிக்கொணர்ந்தன. கி.மு. 13-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அவ்வெலும்புகளில் 'வெய்' என்ற எழுத்தின் பழைய வடிவம் தெளிவாக உள்ளது. யானையொன்றின் துதிக்கையை ஒரு மனிதக் கை பற்றியிருக்கிறது. குரங்கு அன்று, யானை. வடசீனத்தில் அன்று யானை வாழ்ந்தது என்பதற்கும் இது துணைச் சான்றாகிறது.

இங்கேதான் கற்போர் பலர் தவறுகின்றனர். எழுத்தின் பிறப்பை அறிந்ததும் சொல்லின் பிறப்பையே அறிந்துவிட்டதாக எண்ணுவர்; யானையைக் கொண்டு வேலை வாங்கியதால் 'செய்தல்' என்னும் சொல் யானைப் பெயரிலிருந்து தோன்றியது என்பர். சொல் எழுத்துக்கு முன்னரே நாவில் இருந்தது. எழுதுவோன் அதனைக் குறிக்க ஒரு படத்தைத் தேர்ந்தான்; அவ்வளவே. சிற்சில இடங்களில் படத்துக்கும் பொருளுக்கும் தொடர்பே இராது. 'வருதல்' என்னும் பொருளுடைய 'லாய்' என்ற எழுத்து, கோதுமைப் பயிரின் உருவம். கோதுமையும் வருதலும் அன்று ஒத்த ஒலியுடையன. வருதலைப் படமாக வரைவது அரிது. ஆகவே பயிரின் படத்தை இரவல் வாங்கினர். தமிழில் 'ஆறு' என்னும் எண்ணை எழுத ஒருவன் நீரோடும் ஆற்றை வரைந்தால் எவ்வாறோ, அவ்வாறே இதுவும். ஆற்றின் படத்தைக் கண்டு, ஆறு என்னும் எண் நதியிலிருந்து பிறந்தது என்று கூறுவார் உளரோ? ஷூ ஷென் 'லாய்' எழுத்தை விளக்கப் புகுந்து, கோதுமை வானிலிருந்து வந்தமையால் வருதலுக்கு ஆயிற்று என்றார். பெரியாரும் வழுக்கும் இடம் இது.

பாட்டின் சான்று

ஒலியை அறிய முதற் கருவியாய் அமைந்தது பாட்டு. 'ஷீ ஜிங்' என்னும் பாடல் தொகையில் 305 பாடல்கள் உள்ளன, பெரும்பாலானவை கி.மு. 10 முதல் 7 வரையான நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. அடியின் இறுதி ஒத்து வருவது சீனப் பாவின் இலக்கணம். நம் யாப்பில் இதனை இயைபுத் தொடை என்போம். அத்தொகையில், ஜோ குலத்து முன்னோன் ஒருவன் காலையிற் குதிரையேறி, நீர்க்கரை வழியே மேற்கு நோக்கிச் சென்று, ஒரு மலையடியை அடைந்து, தன் மனைவியுடன் உறைவிடம் தேடியதைக் கூறும் பகுதி ஒன்றுண்டு. அதன் ஆறு அடிகளின் இறுதிச் சொற்கள் இன்றைய வடசீன ஒலிப்பில் ஃபு, மா, ஹு, ஷியா, ந்யூ, யூ என்பன. இவை எங்ஙனம் இயைபாகும்?

இடைக்காலத்து உரையாசிரியர் இவ்விடர்ப்பாட்டை எளிதாகத் தீர்த்தனர். பாட்டுக்காக ஒலியைச் சற்றே திரித்துப் படித்துக்கொள்க என்றனர். 12-ஆம் நூற்றாண்டுப் பேரறிஞர் ஜூ ஷீயும் இவ்வழியே சென்றார். ஒரே சொல்லை ஒரு பாட்டில் ஒருவாறும் மற்றொரு பாட்டில் வேறொருவாறும் படிக்க நேர்ந்தபோதும் அவர்கள் ஐயுறவில்லை. 1606-இல் வெளிவந்த நூலில் சென் தி என்பவர் இதனை மறுத்தார். பண்டையோர் ஒலியைத் திரிக்கவில்லை. அவர்தம் இயல்பான ஒலிப்பே வேறு. காலத்தாலும் இடத்தாலும் ஒலி மாறும் என்றார். இன்று நமக்கு எளிதாகத் தோன்றும் இக்கருத்தே சீன மொழி வரலாற்று ஆராய்ச்சியின் கால்கோள். அதே நூற்றாண்டில் கு யான்-வு, பண்டை இயைபுகளைப் பத்துத் தொகுதிகளாக வகுத்தார். அதற்கும் அடுத்த நூற்றாண்டில் துவான் யூ-த்சாய் தொகுதிகளைப் பதினேழாக விரித்ததுடன், எழுத்தமைப்புக்கும் இயைபுக்கும் உள்ள தொடர்பையும் கண்டார்.

அத்தொடர்பு யாதெனில்: சீன எழுத்துகளுட் பெரும்பாலானவை இரு உறுப்புகளால் ஆனவை. ஒன்று பொருளின் இனத்தைக் காட்டும். மற்றொன்று ஒலியைக் குறிப்பாக உணர்த்தும். ஒரே ஒலியுறுப்பைக் கொண்ட எழுத்துகள் யாவும் பண்டை நாளில் ஒரே இயைபுத் தொகுதியில் அடங்கின. ஆகவே ஷீ ஜிங்கில் இயைபாக வாராத சொற்களையும் அவற்றின் ஒலியுறுப்பைக் கொண்டு வகைப்படுத்த வழி பிறந்தது.

ஒலியுறுப்பு சொல்லின் முதலொலிக்கும் சான்றாகும். அவுரியைக் குறிக்கும் 'லான்' என்ற எழுத்தின் ஒலியுறுப்பு, இன்று 'ஜியென்' என ஒலிப்பது. கான்டன் நகரத்தார் அதனைக் 'காம்' என்பர். ககரத்தில் தொடங்கும் உறுப்பை லகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு ஏன் இட்டனர்? சொல்லின் முதலில் மெய் இரண்டு கூடி நின்றிருக்க வேண்டும் என்று ஸ்வீடன் நாட்டு அறிஞர் பெர்ன்ஹார்ட் கார்ல்கிரென் கருதினார். ஸயாம் மொழியில் அவுரிக்குப் பெயர் 'க்ராம்'. திபெத்திய ஏடுகளில் 'ரம்ஸ்'. இன்றைய லகரம் பண்டை நாளில் ரகரம் என்றும், அதன் முன் ககரம் ஒன்று நின்றது என்றும் இப்போது கொள்கின்றனர்.

எனினும் இயைபும் ஒலியுறுப்பும் தொகுதியை மட்டுமே காட்டும். ஒரு வரிசையில் யார் யார் அமர்ந்திருக்கின்றனர் என்று தெரியும். வரிசையின் பெயர் தெரியாது. குதிரையும் மலையடியும் நீர்க்கரையும் ஒரே உயிரொலி உடையன. அவ்வுயிர் அகரமா, உகரமா, ஒகரமா? கி.பி. 601-இல் லூ ஃபா-யான் தொகுத்த 'சியே யுன்' என்னும் இயைபு அகராதியும் ஒலிகளைப் பாகுபடுத்துகிறதே தவிர, அவற்றைப் பெயரிட்டுக் காட்டவில்லை. அதனையும் ஜப்பான், கொரியா, வியட்நாம் நாடுகளில் வழங்கும் சீனச் சொற்களையும் பல சீனக் கிளைமொழிகளையும் ஒப்பிட்டு, கார்ல்கிரென் 1915 முதல் 1926 வரை வெளியிட்ட ஆய்வு 7-ஆம் நூற்றாண்டு ஒலிப்பை ஏறக்குறைய நிலைநாட்டியது. அதற்கும் ஆயிரம் ஆண்டு முந்தைய ஒலிக்கு, பிறமொழிப் பெயர்கள் துணை வந்தன.

புத்தர் பெயரும் திராவிட நாட்டின் பெயரும்

பௌத்தம் சீனம் புகுந்தபோது இந்தியப் பெயர்களைச் சீன எழுத்தில் எழுத வேண்டியதாயிற்று. வடமொழி ஒலிகளை நாம் திட்டமாக அறிவோம். ஆகவே எந்த எழுத்தால் எந்த அசையை எழுதினர் என்று கண்டால், அவ்வெழுத்தின் அந்நாளைய ஒலி புலனாகும். புத்தரின் பெயரை மிகப் பழைய ஏடுகள் 'ஃபூ-தூ' என்று இன்று படிக்கப்படும் ஈரெழுத்துகளால் குறித்தன. இரண்டாம் எழுத்து, மேலே கண்ட குதிரை வரிசையைச் சார்ந்தது. அது குறிக்க வந்ததோ 'புத்த' என்பதன் இறுதி அசை. அங்கு உயிர் அகரமேயன்றி உகரமன்று. 1923-இல் வாங் ரோங்-பாவ் என்பவர் இத்தகைய சான்றுகளைத் திரட்டி, அவ்வரிசை முழுவதும் பண்டை நாளில் அகர உயிர் பெற்றிருந்தது என்று நிறுவினார். கற்றோரிடையே அது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பின்னர் அம்முடிவே நிலைபெற்றது.

அதன்படி வடசீனத்தில் இன்று 'யூ' என்னும் மீன், பண்டை நாளில் 'ங'. 'வூ' என்னும் ஐந்தும் 'ங'. 'கூ' என்னும் கசப்பு 'க'. 'மா' என்னும் குதிரை 'ம்ர'. குதிரையும் மலையடியும் மட்டும் பின்னாளில் அகரத்தைத் தக்கவைத்துக் கொண்டன. ஏனையவை உகரத்தின் பக்கம் சாய்ந்தன. முன் நின்ற ரகரத்தின் காவலே இதற்குக் காரணம் என்று கருதுகின்றனர்.

இவ்வரிசையில் நமக்கு நெருங்கிய எழுத்து ஒன்றுண்டு. 7-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்து 645-இல் தாயகம் திரும்பிய யுவான் சுவாங், காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்ட நாட்டைத் 'திராவிட' என்று குறிக்க நான்கு எழுத்துகளைக் கையாண்டார். இறுதி எழுத்து, கசப்புக் கீரை ஒன்றின் பெயர். ஷீ ஜிங்கிலேயே வருவது. இன்று 'தூ' என ஒலிப்பது. ஆனால் அவர் அதனைக் கொண்டு குறித்தது 'ட' என்னும் அசையை. அவர் காலத்தில் அவ்வெழுத்துக்கு இரண்டாவது ஒலிப்பு ஒன்றும் இருந்தது என்று அகராதிகள் கூறுகின்றன. நாவை மேல்நோக்கி வளைத்து ஒலிக்கும் டகரமும் அதன்மேல் அகரமும் கொண்டது அது. இவ்விரண்டாம் ஒலிப்பில் அவ்வெழுத்து வேறொரு பொருளையும் குறித்தது. அப்பொருள் தேயிலை. தாங் ஆட்சியின்போது அப்பொருளுக்கென எழுத்தில் ஒரு கோட்டை நீக்கி எழுதும் வழக்கம் பரவியது. இன்றைய தேயிலை எழுத்து அதுவே.

தேயிலையின் இரு வழிகள்

தேநீருக்கு உலக மொழிகளில் வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களில் அடங்கும். 'சா', 'சாய்', 'சாயா' என்பன ஒன்று. 'டீ', 'தே' என்பன மற்றொன்று. இரண்டும் ஒரே எழுத்தின் இரு ஒலிப்புகளே. வடசீனத்திலும் கான்டனிலும் அந்த டகரம் காலப்போக்கில் சகரமாயிற்று. ஃபூஜியென் கடற்கரையில் வழங்கும் மின் கிளைமொழிகளோ, பல் தொட்டு ஒலிக்கும் தகரத்திலிருந்து வளைநாவொலி பிரிவதற்கு முன்னரே தனிவழி சென்றுவிட்டன. ஆகவே அங்குச் சொல் 'தே' என நின்றது. தரைவழியே பாரசீகத்துக்கும் வடஇந்தியாவுக்கும் சென்றது 'சாய்'. ஃபூஜியென் வணிகரிடமிருந்து கடல்வழியே மலாய் நாட்டுக்கும், டச்சுக் கப்பல்களில் ஐரோப்பாவுக்கும் சென்றது 'தே'. தமிழில் இரண்டும் வந்து சேர்ந்தன. தேயிலை என்கிறோம், சாயா என்றும் சொல்கிறோம்.

ஒரே சொல்லைக் கொண்டு விதி கூறலாகாது. ஆனால் வடசீனத்தில் மூங்கில் 'ஜூ', மின் மொழியில் 'தெக்'; நடு என்னும் சொல் அங்கு 'ஜோங்', இங்கு 'தியோங்'. இவ்வாறு வரிசை வரிசையாக ஒத்து வருவதே சான்று. ஒலி ஒற்றுமை வேண்டுவதில்லை. ஒழுங்கான வேற்றுமை வேண்டும்.

இதே பகுதியில் காஞ்சியைப் பற்றிய பழைய வழக்கொன்றையும் குறிப்பிடுதல் தகும். 'ஹான் ஷூ' என்னும் முதல் நூற்றாண்டு வரலாற்று நூல், தென்கடல் கடந்து செல்லும் வழியில் 'ஹுவாங்-சி' என்ற நாட்டைக் கூறுகிறது. அது காஞ்சியே என்று அறிஞர் பலர் கொள்கின்றனர். முதலெழுத்து பண்டை நாளில் 'க்வங்' என்பதை ஒத்தது. ஆகவே இன்றைய ஒலியைவிடப் பழைய ஒலி காஞ்சிக்கு நெருக்கம். இரண்டாம் எழுத்தோ முதலில் 'கெ'. பின்பு அண்ணச் சாயல் பெற்றுச் சகரமாயிற்று. கன்னடக் 'கிவி' தமிழில் 'செவி' ஆனதை அறிந்த ஆசிரியருக்கு இம்மாற்றம் புதிதன்று. நூல் எழுதிய நாளில் அது ககரமா, சகரமா என்பதைப் பொறுத்தே வழக்கின் தீர்ப்பு அமையும். காஞ்சி என்று முடிந்த முடிபாகப் பாடநூலில் எழுதுவோர் இந்த ஐயத்தையும் உடன் எழுதுதல் நலம்.

இரவல் வந்த சொற்கள்

ஒலியை மீட்ட பின்னரே, எச்சொல் சீனத்தின் சொந்தச் சொல், எச்சொல் வெளியிலிருந்து வந்தது என்று வினவ முடியும். தேனுக்கு வடசீனச் சொல் 'மீ'. கான்டனில் 'மத்', ஜப்பானியர் வாங்கிய வடிவம் 'மித்ஸு'. ஆகவே பழைய ஒலி 'மித்'. நடு ஆசியாவில் தாரிம் ஆற்றுப் படுகையில் ஒருகாலத்து வழங்கி மறைந்த தொகாரிய மொழியில் தேனுக்குப் பெயர் 'மித்' என்பதே. அம்மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தது. அதன் 'மித்' வடமொழி 'மது'வின் உடன்பிறப்பு. வடமொழியிலிருந்து தமிழ் பெற்றதும் அந்த 'மது'வே. முதலிற் கண்ட 'நீ'யையும் இதனையும் அருகில் வைத்து நோக்குக. அங்கு ஒலி முற்றும் ஒன்று, உறவு இல்லை. இங்கு 'மீ' என்பதும் 'மது' என்பதும் செவிக்குச் சற்றும் ஒவ்வாதன, உறவு உண்டு.

மல்லிகை சீனத்தில் 'மோ-லி' ஆனதும் வடமொழி வழியாகவே. அங்கு ஐயம் ஏதுமில்லை, மேற்செல்வோம்.

தெற்கே பாயும் பேராறுகளைச் சீனர் 'ஜியாங்' என்பர். முற்காலத்தில் இது யாங்ஸி ஆற்றுக்கு மட்டுமே உரிய பெயர். வடபுலத்து ஆறுகளுக்கு வேறு சொற்கள் வழங்கின. 'ஜியாங்' என்பதன் பண்டை ஒலி 'க்ரோங்' என மீட்கப்பட்டுள்ளது. பர்மாவின் மோன் மொழியில் ஆறு 'க்ருங்'; வியட்நாம் மலைகளில் வாழும் பானார் மக்கள் மொழியில் 'க்ரோங்'. வடக்கிலிருந்து தென்திசை நோக்கிப் பரவிய சீனர், யாங்ஸிக் கரையில் முன்னரே வாழ்ந்த ஆஸ்திரோ-ஆசிய மக்களிடமிருந்து அச்சொல்லைப் பெற்றனர் என்று ஜெர்ரி நார்மன், மேய் த்ஸு-லின் ஆகிய இருவர் 1976-இல் எழுதினர். சீன வரலாற்று நூல்கள் பேசாத ஒரு மக்களினத்தின் இருப்பிடத்தை ஓர் ஆற்றின் பெயர் காட்டிக் கொடுக்கிறது.

அவ்விருவரும் எடுத்துக்காட்டிய மற்றொரு சொல் புலி. இன்றைய 'ஹூ', நாம் கண்ட அகர வரிசையைச் சார்ந்தது. அதன் முதலில் ககரம் போன்றதோர் ஒலியும் லகரமும் கூடி நின்றன என்பர். மோன் மொழியில் புலி 'க்ல', கம்போஜத்தில் 'க்லா'. நம் நாட்டில் சந்தாலி மொழியில் 'குல்'. முண்டாரி, ஹோ மொழிகளில் 'குலா'. பண்டைச் சூ நாட்டில், காட்டில் விடப்பட்டுப் புலியால் பாலூட்டப்பட்ட குழந்தை வளர்ந்து அமைச்சனான கதை ஒரு பழைய வரலாற்று நூலில் உள்ளது. அந்நாட்டார் புலியை 'வூ-தூ' என்பர் என்று அந்நூல் குறிப்பிடுகிறது. அவ்விரு எழுத்துகளும் அகர வரிசையினவே. பழைய ஒலி 'அ-ல' என்பது போலாகும். புலிச் சொல்லின் உறவை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. ஆற்றின் சான்றுபோல் இஃது உறுதியானதன்று. ஆயினும் சோட்டா நாகபுரியில் சொல் தொகுத்த ஒருவரின் குறிப்பு இல்லையேல், இவ்வழக்கை எடுத்துரைக்கவே வழியிராது.

இந்தியாவில் வாழும் உறவினர்

இரவல் சொற்கள் ஒருபுறமிருக்க, சீனத்தின் பிறப்புறவு திபெத்திய-பர்மிய மொழிகளோடு என்பது இன்று பெரும்பாலோர் கொள்ளும் முடிபு. அவற்றுட் பலவற்றின் தாயகம் நம் நாட்டின் வடகிழக்கு எல்லை. ஐந்து என்னும் எண் திபெத்திய ஏடுகளில் 'ல்ங'; பர்மியத்தில் 'ங'; மணிப்பூரியில் 'மங'; மிசோவில் 'பங'. ஆறு என்னும் எண் வடசீனத்தில் இன்று 'லியூ'. கான்டனில் 'லுக்', ஜப்பானில் 'ரொகு'. மணிப்பூரியில் 'தருக்', மிசோவில் 'பருக்', திபெத்திய ஏட்டில் 'த்ருக்'. கண் என்பது வடசீன நூல்வழக்கில் 'மூ'. கான்டனில் 'முக்'. திபெத்தியம் 'மிக்', லெப்சா 'மிக்', மணிப்பூரியும் மிசோவும் 'மித்'. பாட்டும் ஒலியுறுப்பும் புத்தர் பெயரும் கொண்டு அறிஞர் தாளில் மீட்ட ஒலிகள், இம்பாலின் கடைத்தெருவில் உயிரோடு வழங்குகின்றன.

இவ்வொப்பீட்டுக்கு வேண்டிய சொற்களுட் பெரும்பகுதி, கிரியர்ஸன் தலைமையில் 1903 முதல் 1928 வரை வெளிவந்த இந்திய மொழிகளின் அளவாய்வுத் தொகுதிகளில் முதன்முதல் அச்சேறியது. 241 சொற்களும் தொடர்களும் அடங்கிய ஒரே பட்டியலை மாவட்டந்தோறும் அனுப்பி, உள்ளூர் அலுவலரைக் கொண்டு நிரப்பச் செய்தனர். நிரப்பியோருட் பலர் மொழி நூல் கற்றவர் அல்லர். செவியிற் பட்டதை எழுதினர். அதில் குறைகள் உண்டு. குறிப்பாகத் தொனி ஏறக்குறைய முற்றும் விடுபட்டது. ஆயினும் அப்பட்டியல்கள் இன்றளவும் பயன்படுகின்றன.

களப் பணியாளர் கருத்திற்கொள்ள வேண்டியவை சில இதிலிருந்து பெறப்படும். சொல்லின் முதலில் வரும் ஙகரத்தை நகரமாக எழுதிவிடலாகாது. தமிழர்க்கு இதில் ஓர் இடையூறு உண்டு. ஙகரம் நம் நெடுங்கணக்கில் இருந்தும் சொல் முதலில் அதனை நாம் கேட்பதில்லை. 'அங்ஙனம்' போன்ற சொற்களின் நடுவிலேயே அறிவோம். காது பழகாதவர் மணிப்பூரி மீனை 'நா' என்று எழுதிவிடுவர். ஆனால் போடோ மொழியில் மீன் உண்மையாகவே 'நா'. அங்கு ஙகரம் நகரமாகிவிட்டது. இரண்டையும் ஒரே வகையாக எழுதினால், எம்மொழி பழமையைக் காத்தது, எது மாற்றியது என்னும் செய்தியே அழிந்துபோகும். இறுதியில் நிற்கும் க், த், ப் என்னும் ஒற்றுகளும் வெடிக்காமல் அடங்கி ஒலிப்பதால் எளிதில் நழுவும். சொல்பவரின் உதடும் நாவும் எங்கு மூடுகின்றன என்று நோக்கி எழுதுதல் வேண்டும். ஒரு சொல்லை ஒருவரிடம் மட்டும் கேட்டு அமையாது, முதியவர் இருவரிடமேனும் கேட்டல் நன்று. தெரிந்த மொழியொன்றின் சொல்லை அது ஒத்திருப்பின், பட்டியலில் அதனை ஒட்டித் திருத்தாமல், ஒப்புமையை ஓரத்தில் தனியே குறித்து வைக்கலாம்.

பண்டை ஒலிப்பின் நுட்பங்களில் அறிஞரிடையே இன்னும் வேறுபாடு உண்டு. கார்ல்கிரென் 1957-இல் திருத்தி வெளியிட்ட அகராதியின் வடிவங்களுக்கும், வில்லியம் பாக்ஸ்டர், லாரன் ஸகார் ஆகிய இருவர் 2014-இல் வெளியிட்ட வடிவங்களுக்கும் தொலைவு மிகுதி. அகர வரிசையைப் பற்றி ஐயமில்லை. முதலில் நின்ற கூட்டுமெய்களைப் பற்றியே வழக்கு நீடிக்கிறது. பிறர் நூலில் உடுக்குறியிட்டு அச்சிட்ட வடிவத்தைக் கண்டால், அது கேட்டெழுதிய ஒலி அன்று, கருதிக் கண்ட ஒலி என்று மாணவர்க்கு உணர்த்துக.

சீன ஒலியை நேரிற் கேட்க விரும்பும் ஆசிரியர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கொல்கத்தாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் சீனக் குடும்பங்கள் பெரும்பாலும் ஹக்கா மொழியினர். அவர்களிடம் மீனுக்கும் ஐந்துக்கும் சொல் கேட்டால், தொனியில் மட்டும் வேறுபட்டு, இரண்டுக்கும் 'ங்' என்ற ஒற்றொலியே விடையாக வரும். உயிர் தேய்ந்துவிட்டது, வடசீனம் இழந்த முதலொலி மட்டும் முழுச் சொல்லாக எஞ்சி நிற்கிறது.